புற்றுநோயினின்று மீண்டவரும் மதுவும்

நோய் தீர்ந்தது என்று சொல்லி டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிய ஒருவர் மறுபடியும் மது அருந்தலாமா என்று கேட்டால், கூடவே கூடாது என்று யாவரும் உடனே விடையிறுப்பர். அவர் ஏன் அருந்துகிறார் என்று கேட்டால் அத்துணை விரைவில் விடை கிடைப்பதில்லை. பழைய பழக்கம் என்பார் சிலர். உயிர் போய் வந்தும் புத்தி வரவில்லை என்பார் சிலர். இவ்வாறு பேசிவிட்டு ஊரார் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இந்த இரண்டாவது கேள்வியைச் சற்று நின்று ஆராய வேண்டும் என்பது நமது கருத்து. தறியில் அமர்வோர் இல்லத்திலும் ஏர் பிடிப்போர் இல்லத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்துத் திரும்பியவர்களை இன்று நாம் அடிக்கடி காண்கிறோம். அவர்களுள் பலர் நம் சங்கங்களின் அங்கத்தினர். அல்லது அங்கத்தினரின் மனைவி மக்கள்.

முன்னாளில் இக்கேள்வி எழுவதற்கே இடமில்லாதிருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரத்தை நெஞ்சில் வைத்திருந்து, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை அவர் தொடங்கியபோது அங்கே இருந்தவை 12 படுக்கைகளே. அந்நாளில் நோய் முற்றிய பின்னரே ஆஸ்பத்திரிக்கு வருவோர் மிகுதி. பிழைத்துப் போவோர் சிலர். காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்திற் பிறந்து முதலமைச்சராக உயர்ந்த அறிஞர் அண்ணா அவர்கள், நியூயார்க் நகரம் வரை சென்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டும், 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் இந்நோயினாலேயே மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இன்று அதே காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் இருக்கிறது. வாய், மார்பகம், கருப்பை வாய் இவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால் இக்காலத்தில் பெரும்பாலும் குணமாகின்றன. ஆகவே ‘மீண்டவர்’ என்றொரு புதிய வகுப்பார் நம்மிடையே தோன்றியிருக்கின்றனர். நோயாளிக்கு ஆஸ்பத்திரி உண்டு. நலமுள்ளவனுக்கு வேலை உண்டு. இரண்டுக்கும் நடுவே நிற்கும் இவர்களுக்கு என்ன உண்டு என்பதை நாம் இன்னும் நன்கு யோசிக்கவில்லை.

1985-இல் ஃபிட்ஷ்ஹியூ முல்லன் என்னும் அமெரிக்க டாக்டர் ஒருவர் (அவரே புற்றுநோய்க்காளாகி மீண்டவர்) ஒரு மருத்துவச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், மீண்டவரது வாழ்வை மூன்று பருவங்களாகப் பிரித்தார். நோய் கண்டு சிகிச்சை நடக்கும் காலம் முதற் பருவம். சிகிச்சை முடிந்து, நோய் திரும்புமோ திரும்பாதோ என்று காத்திருக்கும் காலம் இரண்டாம் பருவம். அபாயம் பெரிதும் நீங்கி, நோய் விட்டுச் சென்ற குறைகளோடு வாழப் பழகும் காலம் மூன்றாம் பருவம். பயிரிடுவோர்க்கு இப்பிரிவினை எளிதில் விளங்கும். நடவின்போது வயலில் ஆள் நிறைந்திருக்கும், அறுவடையின்போதும் நிறைந்திருக்கும், இடையே மழை என்ன செய்யுமோ, பூச்சி என்ன செய்யுமோ என்று வரப்பில் நிற்பவன் உடையவன் ஒருவனே.

நாம் பேச வந்த மது பெரும்பாலும் இந்த இரண்டாம் பருவத்திலேயே உள்ளே நுழைகிறது.

வாய்ப் புற்றுநோய்க்காக, ஊரார் ‘கரண்ட் வைப்பது’ என்று வழங்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற ஒரு நெசவாளரை எண்ணிப் பார்ப்போம். வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறேழு வாரம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். அந்நாட்களில் மனைவி உடனிருந்தாள். மைத்துனன் பணம் புரட்டினான். நர்சுகள் பெயர் சொல்லி அழைத்தனர். பக்கத்துப் படுக்கைக்காரர் தம் கதையைச் சொன்னார். பிறகு ஒருநாள், ‘முடிந்தது, இனிச் சில மாதம் கழித்து வந்து காட்டினால் போதும்’ என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எல்லோர்க்கும் பாரம் இறங்கியது. அவருக்கு மட்டும் அன்றுதான் பாரம் ஏறியது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் கதிரினால் வாடிவிட்டமையால் வாய் எந்நேரமும் உலர்ந்து கிடக்கிறது. சோற்றைத் தண்ணீர் விட்டுத்தான் விழுங்க வேண்டியிருக்கிறது. கலியாண வீட்டுப் பந்தியில் அமர அவருக்குக் கூச்சம். பேச்சுக் குழறுகிறது, ஆதலின் பேசுவதையே குறைத்துக்கொள்கிறார். நாக்கின் ஓரத்தில் சிறு புண் வந்தாலும், கழுத்தில் நரம்பு இழுத்தாலும், ‘வந்துவிட்டதோ’ என்று நெஞ்சு திடுக்கிடுகிறது. இந்த அச்சத்தை அவர் யாரிடம் சொல்வார்? மனைவியிடம் சொன்னால் அவள் அழுவாள். நண்பரிடம் சொன்னால், ‘பிழைத்ததே பெரிது, அதை நினைத்து மகிழாமல் என்ன புலம்பல்’ என்பார். நன்றியுள்ளவராக இருக்க வேண்டும் என்ற கடமை ஒருபுறம், உறங்கவொட்டாத பயம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே ஒருவர் மாலை வேளையில் கடைப் பக்கம் நடப்பது வியப்புக்குரியதன்று.

நோய் கண்டவுடன் குடியை அடியோடு விட்டவர்கள் பலர் உண்டு. சாவின் நிழல் பட்ட அந்த வேளையில் விடுவது எளிது. நிழல் விலகிய பின், உடல் தேறி, கையில் கூலி புரளத் தொடங்கும்போதுதான் பழைய வழி திறந்துகொள்கிறது. சிகிச்சைக்குப் பட்ட கடன் அப்போதுதான் வட்டியோடு வாசலில் வந்து நிற்கும் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

இரவு மூன்று மணி

மதுவை மருந்தாகக் கருதுவோர் சொல்வது இதுதான்: குடித்தால் கவலை மறக்கிறது, தூக்கம் வருகிறது. இதில் பாதி உண்மை இருப்பதனாலேயே இது ஆபத்தானது. மூளையில் நரம்பு வேகத்தைத் தணிக்கும் இரசாயனம் ஒன்றும், அதனைத் தூண்டும் இரசாயனம் ஒன்றும் தராசுத் தட்டுப்போல் இயங்குகின்றன. மது தணிக்கும் தட்டை அழுத்துகிறது, தூண்டும் தட்டைத் தூக்குகிறது. ஆகவே முதல் ஒரு மணி நேரம் பயம் அடங்கி, கண் சொக்குகிறது. ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. சமநிலையை மீட்க எதிர்ப்பக்கம் எடை சேர்க்கிறது. ஈரல் மதுவைக் கரைத்து முடித்ததும் அந்த எதிர்ப்பக்கத்து எடை மட்டும் எஞ்சி நிற்கிறது. இரவு இரண்டு மூன்று மணிக்கு வியர்த்து, நெஞ்சு படபடத்து விழித்துக்கொள்வது இதனாலேயே. முன்னிரவில் வாங்கிய தூக்கத்தைப் பின்னிரவில் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறோம் எனலாம்.

புற்றுநோயினின்று மீண்டவர்க்கு அந்த மூன்று மணி விழிப்பு மற்றவர்க்கு நேர்வது போன்றதன்று. இருட்டில் கழுத்தைத் தடவிப் பார்க்கும் நேரம் அது. படபடப்பு மதுவினால் வந்தது என்று அவர் அறியார். நோய் திரும்பியதற்கு அறிகுறி என்றே எண்ணுவார். அப்பயத்தைத் தணிக்க மறுநாள் மாலை இன்னும் சிறிது அதிகம் வேண்டியிருக்கும். நாட்கள் செல்லச் செல்ல முகம் வாடி, எதிலும் நாட்டமின்றி, தறியில் அமர்ந்தாலும் நாடா ஓடாத நிலை வருகிறது. இதனை மனச்சோர்வு என்று டாக்டர்கள் கூறுவர். சோர்வினால் குடித்தாரா, குடியினால் சோர்ந்தாரா என்று பிரித்தறிவது தேர்ந்த மனநல மருத்துவர்க்கும் எளிதன்று. மதுவை நிறுத்திய சில வாரங்களிலேயே பலருக்குச் சோர்வு தானே குறைந்துவிடும். சிலருக்குக் குறையாது, அவர்க்குத் தனியே சிகிச்சை வேண்டும்.

இதில் உயிரச்சமும் உண்டு என்பதை மறைக்காமல் கூற வேண்டும். சுவீடன் நாட்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2012-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், புற்றுநோய் என்று அறிவிக்கப்பட்ட முதல் வாரத்தில் தற்கொலை மற்றவரிடையே காண்பதைவிட 12 மடங்குக்கு மேலும், முதலாண்டு முழுவதும் கணக்கிட்டால் 3 மடங்காகவும் இருந்தது. முகம், வாய், தொண்டை இவற்றில் நோய் கண்டவர்களிடம் இந்த அபாயம் சிகிச்சை முடிந்த பின்னும் மற்றப் புற்றுநோயாளிகளைவிட அதிகமாக இருப்பதை வேறு பல ஆராய்ச்சிகளும் காட்டுகின்றன. மது, மனிதனின் தயக்கத்தைக் களைவது. வாழத் தயங்குபவனிடம் அது என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வயலும் களையும்

இனி உடலைப் பற்றிச் சிறிது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் மதுபானங்களை 1988-இலேயே, மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பன என ஐயமற நிறுவப்பட்ட முதல் வகுப்பிற் சேர்த்துவிட்டது. கள், சாராயம், பிராந்தி, பீர், ஒயின் என்ற வேற்றுமை இதில் இல்லை. எல்லாவற்றிலும் உள்ள சாராயச் சத்து ஒன்றே. உடலில் அது அசிட்டால்டிஹைடு என்னும் நஞ்சாக மாறுகிறது. ஈரலில் மட்டுமன்று, வாயிலுள்ள நுண்கிருமிகளாலும் அந்த நஞ்சு வாயிலேயே உண்டாகிறது. உயிரணுக்களின் மரபுப் பொருளை அது சிதைக்கிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களுக்கு மது ஒரு காரணம் என்பது நிலைநாட்டப்பட்டுள்ளது.

புகையிலையோடு சேரும்போது தீமை கூடுவதில்லை, பெருகுகிறது. 1988-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மிகுதியாகப் புகைத்து மிகுதியாகக் குடிப்பவர்க்கு வாய், தொண்டைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, இரண்டும் இல்லாதவரைவிட 35 மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். நம் நாட்டில் வெற்றிலை பாக்கும் இத்துடன் சேர்கிறது. புகையிலை சேராத தாம்பூலமும், தனிப் பாக்குமே புற்றுநோய் தர வல்லவை என்று மேற்கூறிய நிலையம் 2004-இல் முடிவு கூறியது. தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்தால் இடுப்பு முடிச்சில் வெற்றிலைப் பை இருப்பது நம்மவர் வழக்கம். அதனை ஒரு குறையாக எண்ணுவாரும் இல்லை. இதனை வேறோர் இதழில் விரிவாகப் பேச வேண்டும்.

ஒரு முறை வெட்டியோ சுட்டோ நோயை அகற்றிய பின் அந்த இடம் தூய்மையாகிவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். 1953-இல் டேனெலி ஸ்லாட்டர் என்ற அறுவை மருத்துவரும் அவரது தோழர்களும் வாய்ப் புற்றுநோய்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, கட்டியைச் சுற்றிலும் நலமாகத் தோன்றிய தோலும் மாறுதல் அடைந்திருப்பதைக் கண்டனர். அந்நிலைக்கு அவர்கள் இட்ட பெயரில் ‘வயல்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அமைந்தது பொருத்தமானது. பல்லாண்டு நஞ்சு பாய்ந்த வயல் அது. ஒரு களையைப் பிடுங்கியதால் மண்ணிலுள்ள விதைகள் ஒழிந்துவிடா. முதல் நோய் குணமான பின் வாயிலோ உணவுக்குழாயிலோ இரண்டாவது புற்றுநோய் புதிதாகத் தோன்றுவது இதனாலேயே. மதுவையும் புகையிலையையும் தொடர்வோர்க்கு அது மிகுதி. ‘வர வேண்டியது வந்து போய்விட்டது, இனி என்ன’ என்று சொல்லிக் கிண்ணத்தை எடுப்பவர் இதனை அறிந்திருக்க வேண்டும். அதோடு, கதிர் பட்ட வாயின் மெல்லிய தோலில் மது படும்போது எரிச்சலும் புண்ணும் உண்டாகின்றன. அப்புண்ணே மறுபடி அச்சத்துக்குக் காரணமாகிறது. சில வாய் கொப்பளிக்கும் மருந்துகளிலும் சாராயச் சத்து உண்டாதலின், கடையில் வாங்கும்போது சீட்டைப் படித்துப் பார்ப்பது நன்று. உப்பும் சமையல் சோடாவும் சிறிது கலந்த வெதுவெதுப்பான நீரே போதுமானது.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. ‘ஒரு குவார்ட்டர்தானே’ என்பது நாம் அடிக்கடி கேட்கும் சொல். 180 மில்லி கொண்ட அப்புட்டியில் உள்ள பிராந்தி நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்துடையது. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 60 கிராம் கலப்பற்ற சாராயம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வினாத்தாள்களில் ஒரு குடி அளவு என்பது 10 கிராம். ஆகவே ‘ஒன்றுதான்’ என்பது ஆறு. பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பை 53 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2002-இல் கணக்கிட்டவர்கள், நாளொன்றுக்கு ஒவ்வொரு 10 கிராமுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் ஏறுவதாகக் கண்டனர். சிறிதளவு உடலுக்கு நல்லது என்ற பழைய எண்ணத்துக்கு இனி ஆதாரமில்லை. மதுவில் தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டது.

இது ஏழையின் பழக்கம், படிப்பற்றவரின் பழக்கம் என்று எவரும் எண்ண வேண்டாம். அமெரிக்க நாட்டில் புற்றுநோய் கண்டவர் 15,199 பேரிடம் விசாரித்து 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், நூற்றுக்கு 77 பேருக்கு மேல் மது அருந்துவோராகவே இருந்தனர். அவ்வாறு அருந்துவோருள் நூற்றுக்கு 38 பேர் தீங்கு விளைக்கும் முறையில் அருந்தினர். அவர்களுக்குச் சிறந்த ஆஸ்பத்திரிகளும் அச்சிட்ட அறிவுரைகளும் குறைவில்லை. அறிவுரை போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எவ்வாறு கேட்பது?

மதுவிலக்குப் பிரசாரம் நமது இயக்கத்துக்குப் புதியதன்று. திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்தில் கதர் நூற்பும் மதுவிலக்கும் ஒரு பணியாகவே நடந்தன; 1929-இல் ராஜாஜி அங்கிருந்து ‘விமோசனம்’ என்றொரு பத்திரிகையையே அதற்காக நடத்தினார், கல்கி அதில் துணையாசிரியர். 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தபோது நெசவாளர் வீடுகளில் அடுப்பெரிந்த கதையை நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். குடியால் குடும்பம் கெடுவதை எடுத்துரைத்து வெட்கமூட்டுவது அப்பிரசாரத்தின் வழி. அக்காலத்துக்கு அது பயன்பட்டது. ஆனால் புற்றுநோயினின்று மீண்டவரிடம் அந்த வழி செல்லாது என்பது நமது திடமான எண்ணம். அவர் ஏற்கெனவே வெட்கத்தில் மூழ்கியிருக்கிறார். ‘நோயை நானே வரவழைத்துக்கொண்டேன்’ என்ற குற்ற உணர்ச்சி அவரை அரிக்கிறது. அதன்மேல் மேலும் ஒரு கல்லை வைத்தால் அவர் குடியை விடமாட்டார், குடிப்பதை மறைப்பார்.

மறைப்பது எத்துணை அபாயம் என்பதற்கு ஒன்று கூறுவோம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் அதனை டாக்டரிடம் சொல்லாமல் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்தால், மது நின்ற இரண்டொரு நாளில் கை நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றக்கூடும். அது உயிருக்கே உலை வைக்கும். முன்பே தெரிந்திருந்தால் தடுப்பு மருந்தும் தயமின் என்னும் உயிர்ச்சத்தும் கொடுத்துப் பாதுகாப்பார்கள். இதே காரணத்தால், பெருங்குடியர் ஒருவர் வீட்டிலேயே திடீரென நிறுத்திவிடுவதும் நன்றன்று. மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்பவர் மதுவும் அருந்தினால் மூச்சு அடங்கிப்போகலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது.

கேட்கும் முறைக்கு டாக்டர்களிடமிருந்தே நாம் கற்கலாம். 1984-இல் ஜான் யூவிங் என்பவர் வெளியிட்ட நான்கு கேள்விகள் உலகெங்கும் வழங்குகின்றன. குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா? பிறர் குறை கூறியபோது எரிச்சல் வந்ததுண்டா? குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சி கொண்டதுண்டா? காலையில் எழுந்ததும் உடல் நிதானத்துக்கு வரக் குடித்ததுண்டா? இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். இக்கேள்விகளில் எங்கும் நிந்தனை இல்லை என்பதைக் கவனியுங்கள். எத்தனை புட்டி என்றுகூட அவை கேட்கவில்லை.

நியூயார்க்கில் புற்றுநோயாளரின் மனநலத்துக்கென்றே வாழ்நாளைச் செலவிட்ட ஜிம்மி ஹாலண்ட் அம்மையாரும் அவரது தோழர்களும் 1998-இல் வெளியிட்ட உபாயம் இன்னும் எளியது. ஆண்கள் ‘மனநோய்’ என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவதைக் கண்ட அவர்கள், ஜுரமானி ஒன்றைப் படமாக வரைந்து, பூஜ்யம் முதல் 10 வரை எண்ணிட்டு, இந்த வாரம் உங்கள் மனக்கஷ்டம் எந்த எண்ணில் நிற்கிறது என்று கேட்டார்கள். உயர்ந்த எண்ணைச் சொன்னவரை மேற்கொண்டு விசாரித்தார்கள். நம் ஊர்களில் ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்ற அச்சம் இன்னும் தீரவில்லை. ஆகவே மனச்சோர்வு உண்டா என்று கேட்பதைவிட, ‘ராத்திரி தூக்கம் எப்படி அண்ணே?’ என்று கேட்டால் கதவு எளிதில் திறக்கும். குடியைப் பற்றிய பேச்சு அதன் பின்னால் தானே வரும்.

இக்கேள்வியைக் கேட்கத் தகுந்த இடத்தில் இருப்பவர் யார்? ஆஸ்பத்திரி டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கூட்டத்தின் நடுவே, பத்து நிமிஷம் பார்க்கிறார். கடைக்காரர் தினமும் பார்க்கிறார், ஆனால் கேட்கமாட்டார். சங்கமோ அவரை வாரந்தோறும் பார்க்கிறது. நெய்த துணியைக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி பெறும்போதும், பாவும் நூலும் வாங்கும்போதும், விளைந்ததை எடை போடும்போதும் அவர் நம் முன் நிற்கிறார். துணியில் இழை விடுபட்டிருந்தால் உடனே கண்டுபிடிக்கும் நம் தரப் பரிசோதகர், நெய்தவரின் முகத்தையும் ஒரு கணம் நோக்கலாம். பிழையில்லாமல் நெய்தவர் திடீரெனப் பிழையாக நெய்தால் அபராதம் பிடிப்பதற்கு முன் காரணம் கேட்பது சங்கத்துக்கு நஷ்டமாகாது.

பெண்களை மறந்துவிடக் கூடாது. நம் சங்கங்களில் நூல் சுற்றுவோரும் களை பறிப்போருமான பெண்களுள் மார்பகப் புற்றுநோயினின்று மீண்டவர் பலர். அவர்களுள் மது அருந்துவோர் அரியர். ஆயினும் மது அவர்கள் வீட்டில் இல்லையென்று சொல்ல முடியாது. மனைவிக்கு நோய் வந்ததும் அச்சத்தை வெளிக்காட்டத் தெரியாத கணவன் குடிக்கத் தொடங்குகிறான். அல்லது முன்னிருந்த குடி இரட்டிக்கிறது. மருந்துக்கு வைத்த பணம் போகிறது. ஐந்தாண்டோ பத்தாண்டோ நாள் தவறாது உண்ண வேண்டிய மாத்திரை இடையில் நின்றுபோகிறது. அந்தப் பெண்ணிடம் ‘தூக்கம் எப்படி’ என்று கேட்டால், அவள் தன் மார்பைப் பற்றிப் பேசமாட்டாள், அவனைப் பற்றியே பேசுவாள். அவளது மனநலத்துக்கான சிகிச்சை அவனுக்குச் செய்வதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

சிகிச்சை உண்டு. 1980-இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார், தம் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பின், சென்னையில் தொடங்கிய டி. டி. கே. மருத்துவமனை இத்துறையில் வழிகாட்டியது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. குடியினின்று விடுபட்டோர் தாமே கூடி ஒருவரையொருவர் தாங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கங்களும் உள்ளன. 1935-இல் அமெரிக்காவில் இருவர் சேர்ந்து தொடங்கிய அவ்வமைப்பின் முறை, நம் கூட்டுறவுக் கொள்கையோடு நெருங்கியது என்றே நமக்குத் தோன்றுகிறது. தொலைபேசியில் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவர். போதைப் பழக்கத்துக்கென 14446 என்ற எண் உண்டு. இரண்டும் கட்டணமில்லாதவை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவர் பேச்சில் தென்பட்டால், அவரைத் தனியே விடாமல், அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறோம். குடியை வெறுக்கச் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரை 1948-இல் டென்மார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அதை உண்டவர் மதுவைத் தொட்டால் உடலில் அசிட்டால்டிஹைடு தேங்கி, முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வரும். இதைக் கணவர் அறியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அறியாமல் உண்டு குடிப்பவருக்கு மாரடைப்பே வரலாம். சிகிச்சையால் ஈரல் நலிந்தவருக்கு இன்னும் கெடுதல். விளம்பரத்தைப் பார்த்து வாங்கும் பெயரற்ற பொடிகளில் என்ன இருக்கிறதென்று யாரறிவார்? நால்ட்ரெக்சோன் என்ற வேறொரு மாத்திரை குடி வேட்கையைக் குறைக்கிறது. ஆனால் அது மார்ஃபின் வேலை செய்வதைத் தடுப்பதனால், புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் உண்பவருக்குக் கொடுக்கலாகாது. எனவே மனநல டாக்டரிடம் போகும்போது புற்றுநோய் ஆஸ்பத்திரிச் சீட்டையும், புற்றுநோய் டாக்டரிடம் போகும்போது மனநலச் சீட்டையும் கையோடு கொண்டு போக வேண்டும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. மறுபரிசோதனைக்குப் போகும் நாள் நெருங்க நெருங்க மீண்டவரின் அச்சம் ஏறும். குடியும் பெரும்பாலும் அவ்வாரத்திலேயே மிகும். ஆதலின் அங்கத்தினர் ஒப்பினால் அந்தத் தேதியைச் சங்கப் பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே குறித்துக்கொள்ளலாம். அவ்வாரம் புதுப் பாவு கொடுத்து அவசரப்படுத்தாமல், நடப்புப் பாவை முடிக்கத் தவணை தரலாம். கூலிப் பணத்தை, அவரே கேட்டுக்கொண்டால், மனைவி கையிலோ சேமிப்புக் கணக்கிலோ சேர்க்கலாம். பஸ் ஏறும் காலையில் அவருடன் போக ஓர் ஆள், கூடுமாயின் முன்பே அதே வழி போய் வந்த இன்னொரு மீண்டவர், கிடைத்தால் மிகவும் நல்லது.